கண்டெடுத்த கல்லுக்கு எந்தக் கம்பி?

மழை ஓய்ந்த மறுநாள் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து உழவுக்காட்டில் நடந்தால் தலை நிமிரவே தோன்றாது. மண் கரைந்து போன இடமெல்லாம் வெங்கச்சங்கல் வெள்ளை வெளேரென்று தெரியும். அதற்கு நடுவே எப்போதாவது பால் கலந்த நீலத்தில் ஒன்று மின்னும். கரூர்ப் பக்கம் ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), சேலத்தில் வெள்ளைக்கல், ஆற்றுப்படுகை எங்கும் கூழாங்கல் என்று ஊருக்கு ஊர் ஏதோ ஒன்று கிடைக்கிறது. பட்டை தீட்டக் கொடுக்கும் அளவுக்கு விலை பெறாதவை, தூக்கி எறியவும் மனசு வராதவை. இந்த மாதிரிக் கற்களைக் கழுத்தில் போட்டுக்கொள்ள இருப்பதிலேயே நல்ல வழி கம்பி சுற்றுவது.

இதில் இறங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பி வாங்குவது?" என்றுதான். செம்பு, பித்தளை, அலுமினியம், ஜெர்மன் சில்வர், வெள்ளி என்று ஐந்தும் கடையில் போட்டிக்கு நிற்கின்றன. என் கட்சி இதுதான்: கல்லை முடிவு செய்யாமல் கம்பியை முடிவு செய்ய முடியாது. ஒரு கல்லுக்குப் பொருந்தும் கம்பி இன்னொரு கல்லைக் கெடுத்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அதற்கு முன் மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளையிடுவது பழைய வழி. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் எல்லாவற்றையும் துளையிட்டு மணியாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டில் செய்ய வைர முனை டிரில்லும், விடாமல் ஊற்றத் தண்ணீரும், நிறையப் பொறுமையும் வேண்டும். பிளவு ஓடும் கல் என்றால் துளை முடியும் நேரத்தில் இரண்டாகிவிடும். எப்பாக்ஸி பசை தடவி, சங்கிலி மாட்டும் உலோகத் தொப்பியைக் கல்லின் தலையில் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அந்தப் பசையை நான் நம்பமாட்டேன். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு வைத்துப் பத்தர் கட்டித் தரும் பெட்டிக் கட்டடம் அழகு, உறுதி. ஆனால் அதற்குக் கல்லின் அடி தட்டையாக இருக்க வேண்டும், அதாவது அறுக்க வேண்டும். அறுத்த பிறகு அது நீங்கள் குனிந்து எடுத்த கல்லாக இருக்காது. கம்பி ஒன்றுதான் கல் எப்படிக் கிடைத்ததோ அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பிடிக்கிறது.

மூன்று கல், மூன்று குணம்

வெங்கச்சங்கல், ஆற்றுக் கூழாங்கல்லில் பெரும்பாலானவை, செவ்வந்திக்கல் மூன்றும் குவார்ட்ஸ் குடும்பம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7. கத்தி கீறாது, இதுதான் கண்ணாடியைக் கீறும். பிளவுத் தளம், அதாவது கல் எளிதில் பிளந்துகொள்ளும் திசை, கிடையாது என்பதால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் தாங்கும். புளி, எலுமிச்சை, சோப்பு எதற்கும் அசையாது. பழகுவதற்கு இதைவிட நல்ல கல் இல்லை. ஆற்றில் உருண்டதென்றால் மெருகு போடும் வேலைகூட மிச்சம்.

முதலில் சொன்ன பால் நீலக் கல், சந்திரகாந்தக்கல் (மூன்ஸ்டோன்), வேறு கதை. காங்கேயம் வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்த கல், ஃபெல்ட்ஸ்பார் வகை. கடினம் 6 முதல் 6.5. எண்ணில் பார்த்தால் குவார்ட்ஸுக்குப் பக்கம்தான். ஆனால் இதற்குள் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத் தளங்கள் இருக்கின்றன. குறடு ஓரத்தில் பட்டால் சில்லு தெறிக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நீல ஒளி கல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பாரின் மெல்லிய படலங்களில் பட்டுச் சிதறி வருகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் தெரியும். கல்லை விளக்கடியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு இடத்தில் நிலா எழுந்து மறுபக்கம் இறங்கும். அந்த முகத்தின் மேல் ஒரு கம்பி குறுக்கே போனாலும் கல் செத்துவிடும்.

மூன்றாவது சேலத்து வெள்ளைக்கல், மேக்னசைட். கடினம் 3.5 முதல் 4.5 வரைதான். கத்தியால் கீறலாம், அதனால் கையாலேயே மெருகேற்றலாம். தண்ணீர் தொட்டுக்கொண்டு 220, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தேய்த்தால் பீங்கான் மாதிரி வழவழப்பு வரும். (எந்தக் கல்லானாலும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். அதிலும் குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.) இதே கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்கிறார்கள். எனக்கு அதன் சொந்த வெள்ளைதான் பிடிக்கும். குறை என்னவென்றால் புளிப்பு ஆகாது. அமிலம் பட்டால் மெருகு மங்கிவிடும். கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது இது பெரிய விஷயமாகிறது.

முதலில் கேஜ் குழப்பத்தைத் தீர்ப்போம்

கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். யூடியூபில் பார்த்து 20 கேஜ் என்று எழுதிக்கொண்டு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்க வீடியோக்களில் சொல்வது ஏடபிள்யூஜி என்ற அமெரிக்க அளவு. நம் கடைகளில் இருப்பது எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் அளவு. அங்கே 20 என்றால் 0.81 மில்லிமீட்டர், இங்கே 20 என்றால் 0.91. வெறும் 0.1 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள், விரல் சொல்லிவிடும். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுவதால் அந்த இம்மி வித்தியாசத்தில் கம்பி ஒன்றரை மடங்குக்கு மேல் விறைத்துவிடும். ஏடபிள்யூஜி 20 வேண்டுமென்றால் கடையில் 21 கேட்க வேண்டும். 18-க்கு 19. கட்டுக்கம்பியாகச் சுற்றும் மெல்லிய 26-க்கு 27. எல்லாவற்றிலும் நல்லது மில்லிமீட்டரில் கேட்பது: கல்லைப் பிடிக்கும் சட்டகத்துக்கு 0.8, அதைச் சுற்றிக் கட்டுவதற்கு 0.4.

ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக் கல்லுக்கு 0.8-ல் ஒரு மீட்டர், 0.4-ல் ஒன்றரை மீட்டர் கைவசம் இருந்தால் தாராளம். செம்பில் இது சுமார் 6 கிராம். வெள்ளியில் 7 கிராமைத் தாண்டும்.

செம்பு

ஐந்தில் என் ஓட்டு இதற்குத்தான். ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள், விலை பயப்பட வைக்காது. மடக்க மடக்கத் தானாக விறைப்பேறுவது செம்பின் பெரிய வரம். கல்லின் மேல் வளைக்கும்போது இளகிக் கொடுக்கிறது, வளைத்து முடித்ததும் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடியும். வெறும் செம்பென்றால் அடுப்பு நெருப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் பழையபடி இளகிவிடும்.

ஆனால் வைண்டிங் கம்பி வெறும் செம்பு இல்லை, மேலே இனாமல் பூச்சு இருக்கிறது. அதை நெருப்பில் காட்டவே கூடாது, புகை நச்சு. அந்தப் பூச்சால் லாபமும் உண்டு: வியர்வை பட்டுக் கழுத்தில் பச்சை இறங்குவது குறையும். நஷ்டம், குறடு பட்ட இடமெல்லாம் கீறல் பளிச்சென்று தெரியும். குறட்டு வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பெருமளவு தப்பலாம். பழமையான கறுப்பு வேண்டும் என்பவர்கள் பூச்சில்லாத செம்பைத்தான் வாங்க வேண்டும். அவித்த முட்டையை நசுக்கி நகையோடு ஒரு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால் மஞ்சள் கருவின் கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் துணியால் தேய்த்து எடுத்தால் சுருளின் பள்ளத்தில் கறுப்பும் முகட்டில் சிவப்புமாக நிற்கும். வெள்ளைக் கூழாங்கல்லைச் சுற்றி அப்படி ஒரு செம்பு நிற்பதைப் பார்த்தால் வேறு உலோகம் எதற்கு என்று தோன்றும்.

பச்சைக் கறை உடம்புக்குக் கெடுதல் இல்லை, கழுவினால் போய்விடும். இருந்தாலும் விற்கிறவர்கள் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பித்தளையும் ஜெர்மன் சில்வரும்

பித்தளையின் நிறம் பொன்னுக்குப் பக்கம். அதனால்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். செம்போடு துத்தநாகம் சேர்ந்ததும் கம்பிக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. வளைத்து விட்டால் பாதி தூரம் திரும்பி வரும். உருண்டைக் கல்லோடு ஒட்டிப் போகவேண்டிய வேலையில் இது தொல்லை. கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் துணி நூல் மாட்டும். அதே பிடிவாதம் கொக்கி, வளையம், சங்கிலி கோக்கும் காது ஆகியவற்றுக்கு நல்லது. சட்டகம் செம்பிலும் காது பித்தளையிலும் செய்தால் இரண்டு நிறமும் ஒத்துப்போகும், காதும் தொங்கித் தொங்கி நீளாது.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். பார்வைக்கு வெள்ளி மாதிரி இருக்கிறது, விறைப்பில் பித்தளையையும் மிஞ்சும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கழுத்தில் தடிப்பும் அரிப்பும் வரும். நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பொருளுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அதுவும் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அலுமினியம்

எடையில் செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பல நிறத்தில் கிடைக்கிறது, விரலாலேயே வளைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும், ஒரு வடிவத்தைச் செய்து பார்க்கவும் இது போதும். கல்லை நம்பி ஒப்படைக்க முடியாது. விரலால் வளைந்தது விரலால் நிமிரும். கழற்றி மாட்டி, பையில் போட்டு எடுத்து, சில வாரங்களில் கூடு தளர்ந்து கல் உள்ளே ஆட ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் வெறும் கூடு மட்டும் கழுத்தில் இருக்கும். நீங்களே தேடி எடுத்த கல்லுக்கு இரண்டாவது பிரதி கிடையாது என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வெள்ளி

சுத்த வெள்ளி மிக இளகல். 92.5 சதவீத வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் சேர்ந்ததுதான் இந்த வேலைக்கு உகந்தது. வெள்ளிப் பட்டறைகளில் கேட்டால் கம்பியச்சில் நமக்கு வேண்டிய விட்டத்துக்கு இழுத்துத் தருவார்கள். சேலத்துக்காரர்களுக்கு இது கைக்கெட்டிய தூரம், கொலுசுக்குப் பேர் போன ஊராயிற்றே. இழுத்த கம்பி விறைப்பாக வரும், காய்ச்சி இளக்கியது வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

காய்ச்சி இளக்கிய வெள்ளி கல்லோடு நன்றாக ஒட்டிப் போகும். குறடே இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தி வழிக்கலாம். சந்திரகாந்தக்கல்லுக்கு வேண்டியது இந்தக் குணம்தான். அதன் விளிம்பில் உலோகக் கருவி எதுவும் படக்கூடாது. 0.8 வெள்ளிக் கம்பி மூன்றை ஒன்றாக வைத்து 0.4-ஆல் கட்டி, அந்தப் பட்டையைக் கல்லின் இடுப்பைச் சுற்றி மட்டும் ஓடவிட்டு, முன்புறம் நாலு மூலையில் ஒரு கம்பியை இம்மியளவு உள்ளே இழுத்துப் பிடித்தால் போதும். முகம் முழுக்கத் திறந்திருக்கும், நிலா எழுந்து இறங்க வழி இருக்கும். நிறமும் பொருந்துகிறது. செம்பின் சிவப்பு பக்கத்தில் இருந்தால் அந்த மெல்லிய நீலம் அழுக்கு மாதிரி தெரியும்.

வெள்ளைக்கல்லுக்கும் வெள்ளியே நல்லது, ஆனால் காரணம் வேறு. வெறும் செம்பு கறுத்தால் நாம் எல்லாரும் செய்வது புளி போட்டுத் தேய்ப்பது. கம்பி பளபளக்கும், கல்லின் மெருகு போய்விடும். சுற்றிய பிறகு இரண்டையும் தனித்தனியாகக் கழுவ வழியில்லை. வெள்ளியைச் சோப்புத் தண்ணீரிலும் மெல்லிய துணியிலும் துடைத்துச் சமாளிக்கலாம். வெள்ளிக்குக் காசு இல்லை என்றால் இனாமல் பூசிய செம்பு அடுத்தது, அதற்குப் புளி தேவைப்படாது.

குவார்ட்ஸுக்கு வெள்ளி போடலாம், தப்பில்லை. ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கு 7 கிராம் வெள்ளி செலவழிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். செவ்வந்திக்கல் மட்டும் விலக்கு. அந்த ஊதா வெள்ளிக்குப் பக்கத்தில் ஆழமாகத் தெரியும். அதை வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள், நாளாவட்டத்தில் நிறம் வெளுக்கும்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

உழவுக்காடு என்றால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுங்கள். பெரும்பாலும் "கல்லுதானே, அள்ளிட்டுப் போங்க" என்பார்கள், கலப்பைக்கு இடைஞ்சல் குறையும். காப்புக்காட்டில் கல் எடுப்பது குற்றம். வெள்ளைக்கல் சுரங்க எல்லைக்குள் நுழையக் கூடாது, சரிவுகள் ஆபத்தானவை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரத் துண்டுகள் பாதுகாக்கப்பட்டவை, சின்னச் சில்லுகூட எடுக்கக் கூடாது. கொடுமணல் சுற்று வட்டாரத்தில் தரையில் துளையிட்ட மணியோ பாதி செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் காலத்து மணிப் பட்டறையைப் பற்றி ஆய்வாளர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.