பேக்கரி விறகு அடுப்புக்கான கல், கலவை, கம்பளி: எது காசுக்குத் தகும்?

பேக்கரிக்குச் செங்கல் விறகு அடுப்பு கட்டப் பொருள் வாங்குகிறவர்கள் கல்லுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். கலவையையும் வெப்பக்காப்பையும் மிச்சக் காசில் முடித்துக்கொள்கிறார்கள். அடுப்பு கெடுவது அந்த இரண்டில்தான். 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள தளம், வண்டிக்கூடு போல வளைந்த கூரை, நடுவில் 55 செ.மீ. உள்ளுயரம் என்ற அளவை வைத்து ஒவ்வொரு பொருளையும் எடை போடலாம்.

ஃபயர் பிரிக்கில், அதாவது சூடு தாங்கும் செங்கல்லில், 230 × 115 × 75 மி.மீ. கல் ஒன்று சுமார் 4 கிலோ. தளத்துக்கு 70, கூரைக்கு 135, சுவரும் வாயும் சேர்த்தால் மொத்தம் 320 வரும். வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து 350 வாங்க வேண்டும். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) 30 முதல் 40 சதவீதம் உள்ள சாதாரண ரகமே போதும். 60 சதவீதத்துக்கு மேல் உள்ள விலை கூடிய ரகம் உலோக உலைகளுக்கானது. அது வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால், மேல் சிவக்கும் முன்பே ரொட்டியின் அடி கருகிவிடும். எடை குறைந்த காப்புக் கல்லைத் தளத்தில் பதிக்கவே கூடாது. அதில் சூடு தங்காது, ரொட்டியை உள்ளே தள்ளி எடுக்கும் துடுப்பு உரசியே தூளாகும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாம்.

கூடுதலாகக் காசு கொடுக்கத் தகுந்தது ஆப்பு வடிவக் கல். நேர்க்கல்லை வைத்து இந்த வளைவைக் கட்டினால், உள்முகத்தில் கற்கள் ஒட்டி நிற்க, வெளிமுகத்தில் ஒவ்வொரு ஜாயின்ட்டும் 13 மி.மீ. வாய் பிளக்கும். அதைக் கலவையால் அப்பி நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆப்புக் கல் கிடைக்காவிட்டால் உடைந்த ஃபயர் பிரிக் சில்லுகளை இறுகச் செருகிய பிறகே கலவை பூச வேண்டும்.

கலவையில்தான் ஏமாற்றம் அதிகம். ஃபயர் பிரிக்குக்கானது என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. முதல் வகை சூட்டில் இறுகுவது. பீங்கான் போல வெந்து பிடிக்க அதற்கு 1000 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ரொட்டி அடுப்பு அதில் பாதியை எட்டினாலே பெரிது. எத்தனை மாதம் எரித்தாலும் விரலால் சுரண்டினால் உதிரும். இதை வாங்க வேண்டாம். இரண்டாவது, காற்றில் இறுகும் சோடியம் சிலிகேட் கலவை. மெல்லிய ஜாயின்ட்டில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் போதிய சூடு படாத வெளிப்பகுதியில் ஈரம் இறங்கினால் இளகிவிடும். மூன்றாவது, கால்சியம் அலுமினேட் சிமென்ட் கலந்தது. தண்ணீர் சேர்ந்ததும் இறுகத் தொடங்கும், சூட்டிலும் நிற்கும். வாங்க வேண்டியது இதுதான். வேகமாக இறுகுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்க வேண்டும்; இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் பலம் போய்விடும். இது கிடைக்காவிட்டால் மணல் 3, போர்ட்லேண்ட் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) 1 என்ற பங்கில் கைக்கலவை போடலாம். சிமென்ட் சூட்டில் பலமிழந்தாலும் வளைவு தன் அழுத்தத்திலேயே நிற்கும். எதுவானாலும் கல்லை நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

தளக் கல்லுக்குக் கலவையே வேண்டாம். சலித்த மணலும் ஃபயர் கிளேயும் கலந்து மட்டப்படுத்தி, அதன்மேல் வெறுமனே அடுக்கினால் போதும். பின்னாளில் ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வெப்பக்காப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். தளத்தின் கீழே 50 மி.மீ. கால்சியம் சிலிகேட் பலகை இரண்டு அடுக்கு, கூரைமேல் கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள 25 மி.மீ. செராமிக் கம்பளி (சூடு தாங்கும் பீங்கான் இழை விரிப்பு) மூன்று அடுக்கு. தளத்தின் கீழே காப்பு வைக்காமல் விட்டால் அடியிலுள்ள கான்கிரீட் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் ஈடு வெந்ததும் தளம் ஆறிப்போகும், அடுப்பைப் பிரிக்காமல் அதைச் சரிசெய்யவும் முடியாது. பலகை நனைந்தால் காப்பு போயிற்று. கம்பளியின் இழைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம், கையுறை கட்டாயம்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். 1,300 கிலோ கல்லை 30 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 350 மெகாஜூல் வேண்டும். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 15 மெகாஜூல் தரும். புகைபோக்கியில் பாதி போய்விட்டால் 47 கிலோ விறகு. காப்பு சரியாக இருந்தால் மறுநாள் காலையிலும் கல்லில் சூடு மிஞ்சும். விறகு அந்த அளவுக்குக் குறையும்.

வளைவு பக்கவாட்டில் தள்ளும். இருபுறமும் இரும்பு ஆங்கிள் வைத்து, மரை போட்ட கம்பியால் இழுத்துக் கட்டாவிட்டால் நெடுக்கில் விரிசல் விழும். வாயின் உயரம் உள்ளுயரத்தில் 63 சதவீதம், அதாவது இங்கே சுமார் 34.7 செ.மீ.; அதற்கு மேல் போனால் சூடு வெளியே ஓடும், மிகவும் குறைந்தால் நெருப்பு மூச்சு முட்டும்.

கட்டி முடித்ததும் பெருநெருப்பு போடக் கூடாது. உள்ளே மிஞ்சிய நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாமல் கலவையைப் பிளந்துவிடும். முதல் நாள் 100 டிகிரிக்குக் கீழே சிறு தீ, பிறகு நாளுக்கு 40 டிகிரி கூட்டி ஒரு வாரம். கம்பளியை இந்த வாரம் கழிந்தபின் போர்த்தினால் ஈரம் வெளியேற வசதி.

வெப்பமானிக்கும் காசு ஒதுக்குங்கள். கையில் பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும். தளக் கல்லின் நடுவில் ஒன்று, கூரையில் ஒன்று என இரண்டு தெர்மோகப்பிள் (கல்லுக்குள் சூட்டை அளக்கும் கம்பி உணரி) பதித்து, தணலை வாரிய பிறகு கதவை ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். இரண்டும் நெருங்கி, தளம் 230 முதல் 260 டிகிரிக்குள் நின்றதும் ரொட்டியை ஏற்றலாம்.