ஏ.க்யூ. ஆட்டிசம் கேள்வித்தாள்: ஒரு திருநம்பி போட்டுப் பார்த்ததில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராமல் போனில் இந்த ஏ.க்யூ. கேள்வித்தாளைப் போட்டேன், ஒருவரிடம் ஆட்டிசக் குணங்கள் எவ்வளவு என்று மதிப்பெண் போடுகிற தாள். இலவசம். 50 கேள்வி, கால் மணி நேரம். எனக்கு 34 வந்தது. 32-ஐத் தொட்டாலே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது என்பார்கள். நான் திருநம்பி வேறு (பிறந்தபோது பெண் என்று குறித்தார்கள், நான் ஆண்), அதனால் இந்த 34-ஐ எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒரு வாரம் மண்டை குடைந்தது. அந்தக் குடைச்சல்தான் இந்த ரிவ்யூ.

சரக்கைப் பற்றி முதலில். 2001-ல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன் கோஹன் குழு உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: கண்டிப்பாக ஆமாம், கொஞ்சம் ஆமாம், கொஞ்சம் இல்லை, கண்டிப்பாக இல்லை. "கொஞ்சமா, கண்டிப்பாகவா" என்று நகம் கடிக்க வேண்டாம், அந்த இரண்டில் எதைத் தொட்டாலும் ஒரே மார்க்தான், இதை நான் முடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் சோதித்தபோது ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 80 சதவீதம் பேர் 32-ம் அதற்கு மேலும் வாங்கினார்கள், மற்றவர்களில் 2 சதவீதம்தான். சுருக்கமாக வேண்டும் என்றால் இதே குழுவின் 10 கேள்விப் படிவமும் உண்டு, அதில் 32-க்குப் பதில் 6-ஐத் தொட்டால் போதும். இரண்டுமே மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று பார்க்க மட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இந்த மதிப்பெண்ணைக் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

என்னைப் போன்றவர்கள் ஏன் இதைத் தேடிப் போகிறோம்? 2020-ல் வருண் வாரியரும் மற்றவர்களும் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு, அதுவும் கேம்பிரிட்ஜ்தான். ஐந்து தரவுத் தொகுப்புகள், 6 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல். பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகிறவர்களைவிட, ஒத்துப்போகாதவர்களிடம் ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு வரை அதிகம். இருப்பதிலேயே பெரிய தொகுப்பில் 5 சதவீதத்துக்கு எதிரே 24 சதவீதம். அந்தத் தொகுப்பு பிரிட்டனில் ஆட்டிசம் பற்றிய ஒரு டிவி நிகழ்ச்சியை ஒட்டித் தாங்களாகவே முன்வந்து பதில் சொன்னவர்களுடையது, ஆகவே அந்த 24-ஐ அப்படியே ஊருக்கெல்லாம் பொருத்தக் கூடாது. ஆனால் மற்ற நான்கு தொகுப்புகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன, அதனால் ஒதுக்கிவிடவும் முடியாது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். சில கேள்விகள் என்னை ஒளிந்து பார்த்து எழுதியது போல இருந்தன. மற்றவர்கள் காதில் விழாத சின்னச் சத்தம் கேட்குமா? எங்கள் வீட்டு டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் எனக்கு மட்டும்தான் கேட்கும். வண்டி நம்பர்களைக் கவனிப்பீர்களா? 29சி, 21ஜி என்று பஸ் ரூட்டுகளை நிறுத்தம் வாரியாக ஒப்பித்துத்தான் நான் வளர்ந்தேன். இதற்கெல்லாம் தயங்காமல் டிக்.

தயக்கம் வந்தது வேறு இடத்தில். பார்ட்டியா, நூலகமா என்று ஒரு கேள்வி. எங்கள் ஊரில் பார்ட்டி என்றால் கல்யாண மண்டபம். அங்கே போனால் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு அத்தை, "முடியை ஏம்மா இப்படி வெட்டிக்கிட்ட" என்று கேட்க இன்னொரு அத்தை. நூலகம்தான் என்று போட்டேன், ஒரு மார்க் ஏறியது. அந்த மார்க் ஆட்டிசத்துக்கா, அத்தைகளுக்கா? சின்ன வயதில் மற்ற பிள்ளைகளோடு பாவனை விளையாட்டு பிடிக்குமா என்றும் கேட்கிறார்கள். அப்பா அம்மா விளையாட்டில் என்னை எப்போதும் அம்மாவாகவே உட்கார வைத்துக் கையில் சொப்பைக் கொடுத்தார்கள், நான் எழுந்து போய்விடுவேன். அப்பாவாக விட்டிருந்தால் பொழுது சாயும்வரை விளையாடியிருப்பேன். அதற்கும் ஒரு மார்க்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முகத்தைப் பார்த்தே மனசைக் கண்டுபிடிப்பீர்களா என்றால், ஆமாம், கண்டுபிடிப்பேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று படிக்கத் தெரியாவிட்டால் என் பாடு திண்டாட்டம். பயத்தில் கற்ற வித்தை அது. அங்கே மார்க் குறைந்தது. ஆக, ஏறியதும் சந்தேகம், இறங்கியதும் சந்தேகம். என்ன செய்கிறாய் என்று கேட்கிற தாள், ஏன் செய்கிறாய் என்று ஒரு இடத்திலும் கேட்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. இதை உருவாக்கியவருக்கு ஆட்டிசம் என்பது ஆண் மூளையின் உச்சம் என்று ஒரு கோட்பாடு உண்டு, சராசரியாக ஆண்கள் பெண்களைவிட இதில் கூடுதல் மார்க் வாங்குகிறார்கள். என் நண்பன் 34-ஐப் பார்த்துவிட்டு, "மச்சான், கேம்பிரிட்ஜே உன்னை ஆம்பளைனு சொல்லிட்டான்டா" என்றான். சிரித்தேன். ஆனால் அந்தச் சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். பிடுங்கிய இரண்டும் தாளுக்காக மட்டும் இல்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் செய்கிற காரியத்துக்கும் சேர்த்து. முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) மதிப்பெண்ணைப் பார்த்ததும் அந்த ஆலோசகர், "ஆட்டிசத்தை முதல்ல கவனிப்போம், பாலினக் குழப்பம் தானா சரியாப் போயிடும்" என்றார். எனக்குக் குழப்பமே இல்லை என்று சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார், எந்தத் தலைப்பின் கீழ் என்றுதான் தெரியவில்லை. ஆட்டிசம் இருக்கிறவனுக்குத் தான் யார் என்று தெரியாது என்பது எந்த ஊர் கணக்கு? இரண்டும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு யோசிக்கவும் சொல்லவும் கூடுதல் நேரம் கொடுங்கள் என்றால் புரியும், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிப்பது அப்படி இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவை வரச் சொன்னார், சின்ன வயதுக் கதை கேட்க. அம்மா இப்போது என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், இரண்டு வருஷப் பழக்கம். "பட்டுப்பாவாடை போட்டுவிட்டா அரைமணி நேரம் அழுவான் டாக்டர், பிச்சு எறிஞ்சுடுவான்" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, குத்தியதாலா, பாவாடை என்பதாலா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி 50-ல் எங்கேயும் இல்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. போன தை மாதம் சித்தப்பா மகன் கல்யாணத்தில் முதன்முதலாகப் பட்டு வேட்டி கட்டினேன். ஜரிகை அதே மாதிரிதான் குத்தியது, இடுப்பெல்லாம் சிவந்துவிட்டது. சாயங்காலம் வரவேற்பு முடிகிறவரை அவிழ்க்கவில்லை.