கிரேட் மிசென்டனா, ஷியரா? பழைய குடிலா, பிற்கால வீடா?

லண்டனில் வேலையை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய ஆங்கிலக் கிராமத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டு, அதன் பிறகுதான் ஊரைப் பார்க்கிறார்கள். லண்டனின் வடமேற்கே ஹாரோவில் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்த நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தேடித் தேடிக் கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. ஒன்று, பக்கிங்காம்ஷயரில் சில்டர்ன் குன்றுகளுக்கு இடையே உள்ள கிரேட் மிசென்டன். மற்றொன்று, சரே மாவட்டத்தில் கில்ஃபர்டுக்கும் டார்க்கிங்குக்கும் நடுவே உள்ள ஷியர். இரண்டும் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கில் இடம்பெற்ற ஊர்கள். இரண்டையும் சூழ்ந்திருப்பது, புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துவதற்காக லண்டனைச் சுற்றி ஒதுக்கிய பசுமை வளையம்.

அழகில் ஷியரே முந்தும். டில்லிங்போர்ன் ஓடை ஊரின் நடுவே தெளிந்து ஓட, மரச்சட்ட வீடுகளும் நார்மன் காலத்துத் தேவாலயமும் அதன் அருகே நெருங்கி நிற்கும் காட்சியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு ஊரின் உயிர்நாடி ரயில்தான். ஷியரில் ரயில் நிலையம் கிடையாது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி கோம்ஷாலில் 1849இல் திறக்கப்பட்ட நிலையம் இருக்கிறது. அங்கு நிற்கும் ரயில்கள் குறைவு, லண்டனுக்கு நேராகச் செல்வது எதுவும் இல்லை. கில்ஃபர்டிலோ டார்க்கிங்கிலோ ரெட்ஹில்லிலோ வண்டி மாற வேண்டும். நடைமுறையில் ஷியர்வாசி ஒருவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு கில்ஃபர்டு நிலையத்துக்குச் செல்கிறார். ஆகவே அவருடைய கணக்கில் ரயில் கட்டணத்தோடு நிலைய வாகன நிறுத்தக் கட்டணமும், பல குடும்பங்களில் இரண்டாவது காரும் சேர்ந்துவிடுகின்றன.

கிரேட் மிசென்டனில் நிலையம் கடைத்தெருவிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1892இல் போட்ட பாதை அது. லண்டன் பாதாள ரயில் 1961க்குப் பிறகு முந்தைய நிலையமான அமெர்ஷமோடு நின்றுவிட்டாலும், சில்டர்ன் நிறுவனத்தின் ரயில்கள் அதே தடத்தில் ஓடி ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் லண்டனின் மேரில்போன் நிலையத்தை அடைகின்றன. வழியில் ஹாரோ-ஆன்-தி-ஹில்லிலும் நிற்பது எங்களுக்குப் பெரிய காரணமாக அமைந்தது. உறவுகளும் மளிகையும் கோயிலும் வண்டி மாறாமல் எட்டும் தொலைவில் இருந்தன. லண்டன் மண்டலக் கட்டணம் அமெர்ஷமில் 9ஆம் மண்டலத்தோடு முடிவதால் அதற்கு அடுத்த நிலையமான இங்கிருந்து செலவு கூடுகிறது என்பது உண்மையே. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் செல்பவருக்கு 2021இல் வந்த, 28 நாளில் எட்டு நாள் பயணம் தரும் ஃப்ளெக்ஸி சீசன் சீட்டு ஓரளவு ஈடு கட்டும்.

பள்ளி விஷயத்தில் இரு மாவட்டங்களும் வெவ்வேறு உலகங்கள். பக்கிங்காம்ஷயரில், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் 13 அரசு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் நடக்கும் தேர்வில் 121 மதிப்பெண் எடுத்தால் தகுதி கிடைக்கும். அமெர்ஷமில் பையன்களுக்கும் லிட்டில் சால்ஃபன்டில் பெண்பிள்ளைகளுக்கும் உள்ள டாக்டர் சாலனர்ஸ் பள்ளிகள் எங்கள் மக்களிடையே பெயர் பெற்றவை. சரேயில் அரசு கிராமர் பள்ளி ஒன்றுகூட இல்லை. பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரிக்காத முறையே அங்கு நடைமுறையில் உள்ளது. தேர்வுக்காகவே வீட்டை மாற்றுகிற பெற்றோர், பிள்ளை தேறாவிட்டால் எங்கே படிக்கும் என்பதையும் அதே நாளில் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிரேட் மிசென்டனிலேயே கிராமர் அல்லாத மிஸ்போர்ன் பள்ளி இருக்கிறது. அதை நேரில் பார்த்து, இங்கே படித்தாலும் மனநிறைவுதான் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே ஊரைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைக்கு நியாயம்.

கிரேட் மிசென்டனின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஹெச்எஸ்2 அதிவேக ரயிலுக்காகச் சில்டர்ன் குன்றுகளின் அடியில் தோண்டப்பட்ட 16 கிலோமீட்டர் சுரங்கத்தின் வடக்கு வாய் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. பணிக்கான லாரிப் போக்குவரத்தைச் சுற்றுப்புறச் சாலைகள் பல ஆண்டுகளாகச் சுமந்து வருகின்றன. மிஸ்போர்ன் ஆறு சுண்ணப்பாறை ஊற்றுகளை நம்பியது என்பதால் வறண்ட ஆண்டில் நீரின்றிக் காய்ந்துவிடும், கனத்த மழைக்காலத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் கீழிருந்து மேலே வரும். ஆற்று வெள்ள வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிலத்தடி நீர் அபாயத்தை விட்டுவிடுவது பள்ளத்தாக்கின் அடியில் வீடு வாங்குபவர் செய்யும் தவறு.

ஊர் முடிவானதும், கடைத்தெருவில் செங்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து கட்டிய பழங்குடிலா, மேட்டில் 1960களில் எழுந்த சாதாரண வீடா என்ற இன்னொரு கேள்வி எழுந்தது. என் மனம் குடிலையே நாடியது. அதன் குனிந்து நுழையும் வாசலையும் கறுத்த உத்திரங்களையும் பார்த்த மாலையில் விலையைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குடில், பாரம்பரியக் கட்டடங்களின் தேசியப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடம். இங்கிலாந்தில் 1700க்கு முன் கட்டி ஏறக்குறைய மூல நிலையிலேயே நிற்கும் கட்டடங்கள் அனைத்தும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இரண்டாம் தரத்தைச் சேர்ந்தவை. முகப்பு மட்டும்தான் பாதுகாக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, கணப்பு, வளாகத்தில் 1948 ஜூலைக்கு முன் எழுந்த மதில் வரை எல்லாமே சட்டத்துக்குள் வந்துவிடும். அனுமதியின்றி மாற்றுவது குற்றம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதைவிட வாங்குபவரை நேராகப் பாதிப்பது வேறொன்று: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்த வேலையைத் திருத்தச் சொல்லும் அமலாக்க அறிவிப்பு இன்றைய உரிமையாளர் மேல்தான் வரும், அதற்குக் காலவரம்பும் கிடையாது.

வாங்கும் முன் வீட்டின் நிலையைப் பார்த்துச் சொல்லும் எங்கள் சர்வேயர், மிக விரிவான மூன்றாம் நிலை ஆய்வில் கண்டுபிடித்தது நம்மூர்க் காரை வீடுகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் புரியக்கூடியதே. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டு, உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடும் சுவர். அதன் மேல் யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள் தங்கியதால் ஓதம் ஏறி, உத்திரத்தின் முனை மெல்ல உளுத்துப் போயிருந்தது. சிமென்டைக் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச அந்த வேலை தெரிந்த கைகள் வேண்டும். முன்பு அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு வாட் வரி பூஜ்யமாக இருந்தது, 2012 அக்டோபரில் அந்தச் சலுகை நீங்கி இப்போது 20 விழுக்காடு. இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு அனுமதி கிடைப்பது அரிது என்பதால் குளிர்காலச் செலவும் கூடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது தாண்டிய என் அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை தேவைப்பட்டது. அந்தக் குடிலில் ஒரு சுவரைத் தள்ளி வைக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

மேட்டு வீடு கண்ணைக் கவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவருக்குள் இடைவெளி விட்டுக் கட்டியது; வெப்பக்காப்புப் போடலாம், ஜன்னலை மாற்றலாம். ஆனால் பட்டியலில் இல்லாத வீடு என்றால் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சில்டர்ன்ஸ் 1965 முதல் சிறப்பு இயற்கை எழில் பகுதி. 2023 முதல் தேசிய நிலவெழில் பகுதி என்று அழைக்கப்படுகிறது. அங்கே பக்கவாட்டு விரிவாக்கத்துக்கும் பின்புறம் இரண்டு மாடி எழுப்பவும் திட்ட அனுமதி தேவை. வீடு பசுமை வளையத்துக்குள் வந்தால், விரிவாக்கம் மூல வீட்டின் அளவுக்குப் பொருந்தாதபடி பெரிதாகக் கூடாது, 1960களின் வீட்டுக்கு அந்த மூல அளவோ முதலில் கட்டப்பட்டபோது இருந்ததுதான். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே நீட்டியிருந்தால் உங்களுக்கான பங்கு அந்த அளவுக்குக் குறைந்துவிடும். விற்பவர் இதைத் தாமாகச் சொல்வதில்லை; மாவட்டத் திட்டப் பதிவேட்டில் வீட்டின் வரலாற்றை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முத்திரை வரி இரண்டுக்கும் ஒன்றுதான். 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விகிதப்படி ஏழு லட்சம் பவுண்டு வீட்டுக்கு 25,000 பவுண்டு; விலை ஐந்து லட்சத்தைத் தாண்டினால் முதல்முறை வாங்குபவருக்கும் சலுகை இல்லை. ஆகவே வரி கட்டிய பிறகு பழுதுக்கென்று கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் குடிலையும் மேட்டு வீட்டையும் பிரித்துக் காட்டும் கணக்கு. விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குபவர், பழைய கட்டடத்தைப் பராமரிப்பதையே விருப்பத் தொழிலாகக் கொண்டவர், இவர்களுக்குக் குடில் பொருந்தும் என்றே இன்றும் நினைக்கிறேன். பணமும் பொழுதும் எண்ணி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும்வரை இங்கிலாந்தில் எவரையும் எதுவும் கட்டுப்படுத்தாது என்பதால் குடிலிலிருந்து விலக முடிந்தது. போனது சர்வே கட்டணமும் வீடு வாங்கும் சட்டப் பணியைச் செய்த சொலிசிட்டரின் பாதிச் சம்பளமும். மேட்டு வீட்டில் வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகை இருந்தது. வெளி அளவு மாறாததால் திட்ட அனுமதி வேண்டியிருக்கவில்லை. கட்டட விதிகளுக்கான ஒப்புதலோடு அதை அறையாக்கினோம். அம்மாவின் கட்டில் இப்போது அங்கேதான் இருக்கிறது, குளியலறைக்கு நான்கு எட்டு.