88ஆம் எண் ஜெர்சியும் வண்ணாரப்பேட்டைக் கடையும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தொன்றில், கால்பந்து அணிகளுக்கு ஜெர்சி தைத்து அச்சிட்டுத் தரும் சிறு கடையில், ஐஸ் ஹாக்கி வீரர் எரிக் லிண்ட்ரோஸ் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணிக்காக அணிந்த 88ஆம் எண் ஜெர்சியை என் தம்பிக்காகச் செய்து வாங்கினேன். டொராண்டோவில் வசிக்கும் அவன், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அங்குள்ள ஹாக்கி புகழரங்கத்தில் லிண்ட்ரோஸுக்கு இடம் கொடுத்தது தவறு என்று தொலைபேசியில் ஓயாமல் வாதிடுபவன். அவனுக்கு என் பதில் இந்த ஜெர்சி.

துணி கெட்டியான பாலியஸ்டர். ஓரிரவு ஊறவைத்தும் ஆரஞ்சுச் சாயம் கசியவில்லை. எண்ணை ஸ்டிக்கராக ஒட்டாமல், துணியில் வெட்டித் தைத்திருக்கிறார்கள். பதினொரு ஜெர்சிக்குக் குறைந்து ஆர்டர் எடுக்காத கடைக்காரர், ஆட்டக்காரரின் கதையைக் கேட்டபின் ஒன்றுக்கே ஒப்புக்கொண்டார். வியாசர்பாடியில் கால்பந்து ஆடி முழங்கால் போனவர் அவர். “முட்டி போனவனுக்கு யாருண்ணே மாலை போடுறாங்க?” என்றார்.

லிண்ட்ரோஸுக்குப் போட்டார்கள், ஆனால் தாமதமாக. 2010 முதலே தகுதி இருந்தும், புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2016இல்தான். 760 ஆட்டங்களில் 372 கோல்கள், கோலுக்கு உதவியதையும் சேர்த்து மொத்தம் 865 புள்ளிகள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஹாக்கி லீக்கில் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை ஒருமுறைகூட இல்லை. தம்பி பிடித்துத் தொங்குவது இந்தக் கடைசி வரியைத்தான். ஆனால் 1995இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றவர், 1997இல் தன் அணியை இறுதிச் சுற்றுவரை இழுத்துச் சென்றவர், ஃபிளையர்ஸுக்காக 486 ஆட்டங்களில் 659 புள்ளிகள் எடுத்தவர் என்பதையெல்லாம் எங்கே வைப்பது? 2000ஆம் ஆண்டு மே மாதம் எதிரணி வீரர் ஸ்காட் ஸ்டீவன்ஸ் மோதியதில், ஏற்கெனவே பலமுறை அடிபட்டிருந்த தலையில் மீண்டும் பலத்த அதிர்ச்சி ஏற்பட்டு, அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. குனிந்த தலையோடு பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) ஓட்டிச் செல்வது அவருடைய பழக்கம் என்று தம்பி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆடாத ஆட்டங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை. ஆடியவற்றை மட்டுமே எடைபோட்டாலும் அவருக்கு இடமுண்டு என்கிறேன். முழங்கால் நாசமாகி 657 ஆட்டங்களோடு ஒதுங்கிய பாபி ஆர் என்ற வீரருக்கு 1979இல், ஓய்வுக்குப்பின் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியையே தளர்த்தியது இதே அரங்கம்தான். இடுப்பும் முழங்காலும் கெட்டு 726 ஆட்டங்களில் முடிந்த கேம் நீலி என்ற வீரரையும் 2005இல் ஏற்றது. அவர்களுக்கு ஓர் அளவு, லிண்ட்ரோஸுக்கு வேறோர் அளவா?

கடையின் குறைக்கு வருகிறேன். முதலில் தைத்துத் தந்ததில் ‘லிண்ட்ரோஸ்’ ‘லிண்டோர்ஸ்’ ஆகியிருந்தது. கூடுதல் பணம் கேட்காமல் மாற்றித் தந்தாலும், ஐந்து நாள் வேலை பன்னிரண்டு நாளானது. பெயரைத் தொலைபேசியில் சொல்லாமல், தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீலியின் 8ஆம் எண் ஜெர்சிக்கு இன்று முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.