அந்தமான் தூண்டில் படகுச் சேவையும் அவர்கள் அனுப்பும் சாமான் பட்டியலும்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024இல் பெயர் மாறும் வரை போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த ஊரிலிருந்து, புறப்படும் தூண்டில் படகுகளில் ஒன்றை இந்தப் பருவத்தில் நண்பர்களுடன் சேர்ந்து அமர்த்தியிருந்தேன். படகு, வழிகாட்டி, எரிபொருள், மதிய உணவு, அனுமதிச்சீட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும் இந்தச் சேவையைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல அதிகம் இல்லை. சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டார்கள், இரண்டு இயந்திரங்களும் மக்கர் செய்யாமல் ஓடின, சாப்பாடு நன்றாகவே இருந்தது. விரிவாகப் பேச வேண்டியது முன்பணம் கட்டியதும் அவர்கள் அனுப்பிவைக்கும் தூண்டில் சாமான் பட்டியலைப் பற்றியும், படகிலேயே வாடகைக்குத் தரும் சாமான்களைப் பற்றியும்தான். ஏனெனில் முதன்முறை அங்கே போகிற எவருக்கும், எதை எவ்வளவு கட்டிக்கொண்டு போவது என்பதே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பமாக இருக்கிறது.

பட்டியல் தாராளமானது. (அதில் வரும் ராட் என்பது தூண்டில் கோல், ரீல் என்பது நரம்பைச் சுற்றும் கருவி; பாப்பரும் ஸ்டிக்பெயிட்டும் நீர்மட்டத்தில் இழுக்கும் போலி இரைகள், ஜிக் என்பது ஆழத்தில் இறக்கி ஆட்டும் கனமான உலோக இரை.) ஆளுக்குப் பாப்பர் ராட் இரண்டு, ஜிக் ராட் ஒன்று, அவற்றுக்கு ஏற்ற பெரிய ரீல் மூன்று, பாப்பரும் ஸ்டிக்பெயிட்டுமாக இருபது, 150 முதல் 300 கிராம் வரையிலான ஜிக் இருபது, பின்னல் நரம்பு, அதன் நுனியில் இணைக்கும் தடித்த லீடர் நரம்பு, முள், வளையம், இடுக்கி, கையுறை, இடுப்பில் கட்டும் பெல்ட் என்று அது நீள்கிறது. இதை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதைத் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஜிக் ஒன்றுக்குச் சராசரியாக 225 கிராம் என்று கொண்டாலும் இருபது ஜிக்குகள் 4.5 கிலோ, பாப்பர் ஒன்றுக்கு 120 கிராம் வீதம் இருபதுக்கு 2.4 கிலோ; மூன்று ரீல்கள் ஏறத்தாழ 2.5 கிலோ, ராட்களும் அவற்றை உடையாமல் கொண்டுசெல்லும் கெட்டியான குழாயும் சேர்ந்தால் இன்னொரு 3.5 கிலோ. ஒரு சட்டை வேட்டி எடுத்து வைப்பதற்கு முன்பே 13 கிலோ தீர்ந்துபோகிறது. சென்னையிலிருந்து போகும் விமானங்கள் பெரும்பாலும் சாதாரணக் கட்டணத்துக்கு அனுமதிக்கும் பெட்டிச் சுமை 15 கிலோதான். மிகுதிச் சுமைக்குக் கட்டணம் கட்டத் தயாராக இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; மற்றவர்கள் பட்டியலின் மேல் பேனாவை வைத்துத்தான் ஆக வேண்டும்.

பட்டியலில் எதை அடித்து நீக்குவது என்பதற்கு என்னுடைய அளவுகோல், அங்கே எந்தெந்தப் பொருள் உண்மையிலேயே கைவிட்டுப் போகிறது என்பதுதான். அந்தமானுக்கு நாம் தேடிப் போகும் மீன்களில் முதன்மையானது தூண்டில்காரர்கள் ஜி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் பெரும்பாரை. 2006இல் ஜப்பானில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான மீன் 72.8 கிலோ எடை கொண்டது. அந்தமானில் அதில் பாதி எடை கிடைத்தாலே படகில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். இந்த மீன் பாப்பரை நீர்மட்டத்திலேயே அடிக்கிறது. முள் ஏறியதும் அடியிலுள்ள பாறையை நோக்கித் தலைகீழாக ஓடுகிறது. ஓட்டத்தைத் தடுக்க, நரம்பு எளிதில் வெளியேறாமல் பிடித்துவைக்கும் ரீலின் பிடியை 10 முதல் 12 கிலோ வரை இறுக்கி வைக்கிறோம். அந்த இழுவையில் முதலில் தோற்பது முள்ளின் வளைவும், பாப்பரோடு முள்ளை இணைக்கும் இரட்டைச்சுற்று வளையமும்தான். அடுத்து, பாறையில் உரசி லீடர் நரம்பு மெலிகிறது. பாப்பர் முழுதாகப் போவது லீடரோ பின்னல் நரம்போ அறுந்தால்தான். அது நடக்கவே செய்யும் என்றாலும் முள் நிமிர்வதைப் போல அடிக்கடி நடப்பதில்லை. ராட் உடைவது அதைவிட அரிது, அதுவும் பெரும்பாலும் மீனால் அல்ல, படகின் விளிம்பில் வைத்து நெம்புவதாலும் விமான நிலையத்தில் பெட்டியை எறிவதாலும். ஆகவே எடை மிகுந்த பொருள்கள் அரிதாகத் தொலைகின்றன, எடையே இல்லாத சில்லறைப் பொருள்கள் தினமும் தீர்கின்றன. அவர்களுடைய பட்டியலோ இதற்கு நேர்மாறாக, ராட்டையும் ரீலையும் எண்ணிக்கை போட்டுச் சொல்லிவிட்டு முள்ளையும் வளையத்தையும் "தேவைக்கேற்ப" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

எங்கள் படகோட்டி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்: "ஊர்லேர்ந்து வர்றவங்க பெட்டி நெறைய ரப்பர் மீனக் கொண்டாந்து, பிரிக்காமலே திரும்பக் கொண்டுபோறாங்க சார். முள்ளும் வளையமும் மட்டும் எங்கிட்டக் கேக்குறாங்க."

இனி வாடகைச் சாமான்களைப் பார்ப்போம். கட்டணம் நியாயமானது, ராட்டும் ரீலும் சேர்ந்த ஒரு செட்டுக்கு ஒரு நாள் வாடகை, நல்ல பாப்பர் இரண்டின் விலையைத் தாண்டவில்லை. படகுத்துறையிலேயே செட்டுகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தேன்; யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ராட்டின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றினால், உள்ளே இருக்கும் பீங்கான் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் பஞ்சின் இழை அதில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் அந்த ராட் நரம்பை அறுத்துவிடும் என்று பொருள். நான் பார்த்த ராட்களில் ஒன்றின் நுனி வளையத்தில் பஞ்சு சிக்கியது, மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். ரீலின் பிடியைச் சோதிக்க, நரம்பின் நுனியைக் கைத்தராசின் கொக்கியில் மாட்டி மற்றொருவரை மெதுவாகப் பின்னால் நடக்கச் சொன்னேன். நல்ல ரீலில் தராசின் எண் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிடும், நரம்பு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வெளியேறும். பராமரிக்காத ரீலில் எண் எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே குதிக்கும், நரம்பும் விட்டு விட்டு வரும். மீன் முதல் ஓட்டம் ஓடும்போது அந்தக் குதிப்பில்தான் முடிச்சு அறுகிறது. இங்கிருந்த ரீல்கள் அனைத்தும் சீராகவே வழுக்கின. உப்புநீர்ப் படகில் இது சாதாரண விஷயமல்ல. யாரோ ஒருவர் மாலைதோறும் நன்னீரில் கழுவி எண்ணெய் இடுகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

குறை நரம்பில்தான். ரீலில் சுற்றியிருந்த பின்னல் நரம்பின் நிறம் முதல் சில பத்து மீட்டருக்கு வெளுத்தும், விரலால் தடவினால் பஞ்சு போலப் பிசிறடித்தும் இருந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, அடியில் வேறு நிறத்தில் பழைய நரம்பு முடிச்சுப் போட்டு நிரப்பப்பட்டிருந்தது. அதாவது 300 மீட்டர் என்று சொல்லப்பட்டதில் நம்பிப் பயன்படுத்தக்கூடியது பாதிக்குச் சற்று மேல். பாப்பர் எறிவதற்கு இது போதும். ஆழத்தில் ஜிக் போடும்போது டாக்டூத் என்ற பெரிய சூரை மீன் கடித்து ஒரே மூச்சில் கீழே இறங்கினால் இது போதாது. கேட்டபோது, பருவத்துக்கு ஒரு முறைதான் நரம்பு மாற்றுவோம் என்றார்கள். பின்னல் நரம்பு விலை உயர்ந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ரீலை இவ்வளவு அக்கறையாகப் பேணுகிறவர்கள் இதில் கைச்சிக்கனம் காட்டுவது பொருந்தவில்லை.

ஆகவே இந்தச் சேவையை அமர்த்துகிறவர்களுக்கு என் பரிந்துரை: ராட் ஒன்றும் ரீல் ஒன்றும் சொந்தமாகக் கொண்டுபோங்கள், மாற்றுக்கு வேண்டியதை அவர்களிடம் வாடகைக்கு எடுங்கள், நரம்பை மட்டும் யாரையும் நம்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். தடிமன் அளவு பி.இ. 8 என்று குறிக்கப்படும் பின்னல் நரம்பு 300 மீட்டர் உருளை ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். அதை அவர்களுடைய ரீலிலேயே சுற்றித் தருகிறார்கள். லீடருக்கு 130 முதல் 170 பவுண்டு வரை தாங்கும் நைலான் நரம்பு ஐம்பது மீட்டர் வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு விரல் நகத்தால் வருடிப் பார்த்து, சொரசொரப்பு தென்பட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போட நேர்வதால், இது எண்ணியதைவிட வேகமாகத் தீரும். பின்னல் நரம்பையும் லீடரையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சுப் போடத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வழிகாட்டி அதை ஆடும் படகில், பின்னல் நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, லீடரை மேலும் கீழுமாகக் குறுக்கே செலுத்தி, எச்சில் தொட்டு இறுக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறார். இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பாகக் கிடைத்தது அவருடைய கைத்திறன்தான். லீடரின் நுனியைச் சுட்டு மொட்டாக்க லைட்டர் தேவைப்படும். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே ஏதேனும் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பாப்பரும் ஸ்டிக்பெயிட்டுமாக எட்டு போதும் என்பது என் கணிப்பு. கடல் அலையடித்துக் கலங்கலாக இருக்கும்போது வாய் குழிந்த பெரிய பாப்பர் எழுப்பும் சத்தம்தான் மீனை மேலே வரவழைக்கும். காற்று விழுந்து கடல் கண்ணாடி போல் கிடக்கும் பிப்ரவரி, மார்ச் காலைகளில் அதே சத்தம் மீனை விரட்டிவிடும், அப்போது சத்தமின்றி நெளிந்து வரும் ஸ்டிக்பெயிட்தான் சரி. இரண்டிலும் நான்கு நான்கு இருந்தால் எந்த நிலைக்கும் ஈடுகொடுக்கலாம். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் அளவுக்கு மீன்கள் அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. மரத்தில் கையால் கடைந்த ஜப்பானியப் பாப்பர்கள் அழகானவை, எறிந்தால் தூரமும் போகும்; ஆனால் பவளப்பாறைக்கு மேலே எறிந்து தொலைப்பதற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்கோ நிறுவனம் செய்யும் ரூஸ்டா பாப்பர் போன்ற பிளாஸ்டிக் வகையே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. விலை குறைவு, பல் பட்டால் சாயம் உரிகிறதே தவிர உடல் பிளப்பதில்லை. எந்தப் பாப்பராக இருந்தாலும் அதோடு வரும் முள்ளின் உறுதியைப் பார்க்காமல் எறியக் கூடாது. ஓனர் நிறுவனத்தின் எஸ்.டி. 66 போன்ற தடித்த ட்ரெபிள் (மூன்று கொக்கி) முட்களையோ, கனமான ஒற்றை முட்களையோ முன்கூட்டியே மாட்டிக்கொள்வதும், எட்டுப் பாப்பருக்குக் குறைந்தது இருபத்துநான்கு முட்களும் ஐம்பது வளையங்களும் கையிருப்பு வைத்துக்கொள்வதும் நல்லது. இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோவை எட்டாது. எல்லா முட்களிலும், ஏறிய முள் கழலாமல் தடுக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடச் சொல்லி இந்தச் சேவை வற்புறுத்துகிறது, பாராட்டத்தக்க வழக்கம். மீனை உயிரோடு விட அது உதவுகிறது. அதைவிட முக்கியமாக, கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் முள் உங்கள் கையில் ஏறினால் இழுத்த இழுப்பில் வெளியே வந்துவிடும்.

ஜிக்கு விஷயத்தில்தான் பட்டியல் உண்மையிலேயே தவறாக வழிகாட்டுகிறது. ஜிக் எத்தனை வேண்டும் என்பது படகு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது, அதைப் பட்டியல் கேட்பதே இல்லை. தீவுகளை ஒட்டிய பாறைகளிலேயே சுற்றினால் நாள் முழுவதும் பாப்பர்தான், ஜிக் ஓரிரண்டு போதும். ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் கடலுக்கடியில் மேடாக எழும் இன்விசிபிள் பேங்க்குக்குப் போவதாக இருந்தாலோ, வடகிழக்கே 140 கி.மீ. அளவில் உள்ள எரிமலைத் தீவான பேரன் பக்கம், கரையை விட்டு விலகியதும் கிடுகிடுவென ஆழமாகிவிடும் கடலில் மீன்பிடிக்க அனுமதி கிடைத்தாலோ, கணக்கே மாறிவிடுகிறது. நூறு மீட்டர் ஆழத்துக்கு 150 முதல் 200 கிராம் என்பது நடைமுறைக் கணக்கு. நீரோட்டம் வலுத்தால் 300 கிராம் போட்டால்தான் நரம்பு செங்குத்தாக நிற்கும். அடியில் பாறையில் மாட்டியும், பாதி வழியில் சுறா கடித்தும் ஜிக்குகள் போய்க்கொண்டே இருக்கும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு தேவைப்படலாம். நாங்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, வெளிக்கடலுக்கு ஒரு நாள் மட்டும் என்று உறுதிசெய்துகொண்டதால், நால்வரும் ஆளுக்கு ஐந்து ஜிக் என்று பிரித்துக் கொண்டுபோனோம். எடை பகிர்ந்தது, அளவுகளும் எல்லாம் கிடைத்தன. நால்வரும் ஒரே படகில் இருக்கும்போது ஆளுக்கொரு முழுக் கடையைத் தூக்கிச் செல்வதில் பொருளில்லை. இடுக்கி, தராசு, வளையம் மாற்றும் கருவி ஆகியவற்றுக்கும் இதே பேச்சுதான்.

ராட்டைப் பற்றி ஒரு சொல். கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும் ஒட்டு ராட்களில் நீளமான துண்டு ஐந்தரை, ஆறடி வரை இருப்பதால், விமானங்களில் பெட்டிக்கு வழக்கமாக வைக்கும் 158 செ.மீ. கூட்டளவுக்குள் அது அடங்காது. வாங்கும்போதே மூன்று துண்டாகப் பிரியும் பயண ராட்டாக வாங்கினால் துணிப்பெட்டிக்குள்ளேயே குறுக்காகப் போய்விடும். ஒற்றைத் துண்டு ராட்டின் சீரான வளைவு அதில் சற்றுக் குறையும்தான். குழாயின் எடை மிச்சமாவதை நினைத்தால் எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை.

இப்படிக் கட்டினால் தூண்டில் சாமான் ஏழு, எட்டு கிலோவில் நின்றுவிடும். சேவையை மறுபடியும் அமர்த்துவேனா என்றால், தயங்காமல் அமர்த்துவேன். அவர்களிடம் எதிர்பார்ப்பது மூன்று திருத்தங்கள். பட்டியலைக் கரையோரப் பயணத்துக்கும் வெளிக்கடல் பயணத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். வாடகை ரீலில் நரம்பு எத்தனை மீட்டர், எப்போது மாற்றியது என்பதைச் சீட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். வாடகைப் பாப்பர் தொலைந்தால் கட்ட வேண்டிய விலையைப் பயணம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது சொல்லாமல், முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.