ஹேண்ட்லோடா, ஃபேக்டரி தோட்டாவா? காட்டெருமை, யானை வேட்டைக்கான பெரிய காலிபர்களில் நீண்ட காலப் பயன்பாடு

மான் வேட்டைக்கு ஹேண்ட்லோடு செய்கிறவர், அதாவது தோட்டாவைத் தன் கையால் கட்டுகிறவர், முதலில் பார்ப்பது குரூப் (குறியில் குண்டுகள் விழும் பரப்பு) எவ்வளவு சுருங்கியது என்பதைத்தான். ஆப்பிரிக்காவில் காட்டெருமை, யானைக்கு எடுத்துப்போகும் .375 (குண்டின் விட்டம், அங்குலத்தில்), அதற்கும் மேல் என்று போய்விட்டால் அந்தக் கணக்குக்குப் பெரிய மதிப்பில்லை. ஐம்பது கெஜத்துக்குள் சுடப்போகிற துப்பாக்கி முக்கால் அங்குலத்தில் குரூப் போட்டாலும் ஒன்றுதான், ஒன்றரை அங்குலத்தில் போட்டாலும் ஒன்றுதான். இரண்டாவது தோட்டா மேகசினிலிருந்து தடங்கலில்லாமல் ஏறுகிறதா, ப்ரைமர் (மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி) தவறாமல் வெடிக்கிறதா, சுட்ட கேஸ் (குண்டும் வெடிமருந்தும் இருக்கும் பித்தளைக் கூடு) வெயில் சூட்டிலும் சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) ஒட்டாமல் வெளியே வருகிறதா என்பவைதான் இங்கே முக்கியம்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் முடிவு காலிபரைப் பொறுத்து மாறுகிறது. .375 எச் அண்ட் எச், .416 ரெமிங்டன், .458 லாட் ஆகியவற்றுக்கு வேட்டைக்கு ஃபேக்டரி தோட்டா, பயிற்சிக்கு அதே குண்டை வைத்துக் கட்டிய ஹேண்ட்லோடு என்ற ஏற்பாடு போதும். பழைய டபுள் ரைபிளுக்கு (இரட்டைக் குழல் துப்பாக்கி) மட்டும் ஹேண்ட்லோடைத் தவிர்ப்பது கடினம்.

ஃபேக்டரி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நினைப்பவர்கள் .458 வின்செஸ்டர் மேக்னத்தின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 1956-இல் வந்தபோது 500 கிரெயின் (32 கிராமுக்குச் சற்று மேல்) குண்டுக்கு விநாடிக்கு 2,130 அடி என்று அறிவித்தார்கள். கேஸின் நீளமோ 2.5 அங்குலம்தான். அந்த வேகத்துக்கு வேண்டிய மருந்தை அதில் அமுக்கித்தான் அடைக்க வேண்டியிருந்தது. நாளாக ஆக மருந்து கட்டிதட்டி, சரியாக எரியாமல், வேகம் குறைந்த தோட்டாக்கள் வெளிவந்தன. 2.8 அங்குலக் கேஸோடு .458 லாட் பிறந்ததற்கு இந்த அதிருப்தி ஒரு காரணம். இன்றைய மருந்துகளில் அந்தக் கோளாறு இல்லை. ஆனாலும் பழைய பெட்டி கிடைத்தால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்குவதே நல்லது.

பெட்டியில் அச்சிட்ட வேகம் வழக்கமாக 24 அங்குலக் குழலில் எடுத்தது. .375-இல் 300 கிரெயின் குண்டுக்கு 2,530 அடி என்று போட்டிருப்பார்கள். 20 அங்குலக் குழலில் அது நூறு அடி வரை இறங்கலாம். இது ஏன் முக்கியம்? காட்டெருமைக்கும் யானைக்கும் ஜிம்பாப்வே 5,300 ஜூல், நமீபியா 5,400 ஜூல் என்று குறைந்தபட்ச ஆற்றலை வரையறுத்திருக்கின்றன. 300 கிரெயின் குண்டு 5,400 ஜூலைத் தொட 2,445 அடி வேகம் வேண்டும். 2,430 அடி வந்தால் ஜிம்பாப்வேயில் தேறும், நமீபியாவில் தேறாது. குட்டைக் குழல் வைத்திருப்பவர்கள் வாங்கிய தோட்டாத் தொகுதியைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

ஹேண்ட்லோடு பக்கம் வந்தால், கோளாறு பெரும்பாலும் மருந்தின் எடையில் வருவதில்லை. மேனுவலைப் பார்த்து அளப்பதில் எல்லோருமே கவனமாகத்தான் இருக்கிறார்கள். கோட்டை விடுவது கேஸின் கழுத்திலும் ப்ரைமரிலும்தான்.

பெரிய காலிபரின் உதைப்பில் மேகசினுக்குள் இருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் போய் மோதும். கேஸ் குண்டைப் பிடித்திருக்கும் பிடி தளர்வாக இருந்தால் குண்டு கேஸுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைய, அழுத்தம் ஏறும். இதற்கு க்ரிம்ப் போட்டால் (கேஸின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்கினால்) போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான பிடி கழுத்தில்தான் இருக்கிறது. குண்டை வைக்கும் முன் கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிட 0.002 முதல் 0.003 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். .375 குண்டுக்கு அது 0.372 அல்லது 0.373. இதைவிட அகலமாக வந்தால், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டரை மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு க்ரிம்பை இறுக்கினால் வேறு வம்பு வரும்: கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே விரியும் பகுதி) ஒரு முடி அளவு புடைத்து, தோட்டா பாதி சேம்பரில் நின்றுவிடும். பெஞ்சில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தவிர்க்க எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள் (.375-க்கு உச்சம் 2.850, வெட்டுவது 2.840 அங்குலம்). குண்டை இறக்குவதையும் க்ரிம்பையும் தனித்தனி அடியில் செய்யுங்கள்.

பிடி போதுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து மேகசினின் அடியில் வைத்து, மேலே உள்ளவற்றைச் சுட்டுவிட்டு, அதே தோட்டாவை மறுபடி அளக்க வேண்டும். 0.005 அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்தத் தொகுதி வேட்டைக்கு ஆகாது.

ப்ரைமர் கேஸின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால், ப்ரைமரைத் தட்டும் ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் வெடிக்கிற ப்ரைமரில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உட்கார வைத்ததில்தான் பிழை. நூறு கிரெயினை ஒட்டி மருந்து கொள்ளும் .416 ரிக்பி போன்ற பெரிய கேஸ்களுக்கு ஃபெடரல் 215 மாதிரியான மேக்னம் ப்ரைமரே சரி. மெதுவாக எரியும் மருந்தைக் குறைத்துப்போட்டு 'மென்மையான பயிற்சித் தோட்டா' கட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். அரைகுறையாக நிரம்பிய கேஸில் தீ தாமதமாகப் பிடிக்கலாம், அழுத்தமும் கணிக்க முடியாதபடி எகிறலாம்.

சுட்ட கேஸின் கழுத்தை மட்டும் அச்சில் அழுத்திச் சைஸ் செய்யும் பழக்கத்தை, துல்லியப் போட்டிக்காகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களுக்கே விட்டுவிடலாம். இங்கே எப்போதும் முழு நீள சைஸிங்தான், ஆனால் தோளை 0.002 முதல் 0.004 அங்குலத்துக்கு மேல் பின்தள்ளாமல். பெல்ட் (அடியில் தடித்த வளையம்) உள்ள கேஸில் டையை (அந்த அச்சு) ஷெல்ஹோல்டரில் (கேஸைப் பிடிக்கும் தாங்கி) முட்டவிட்டு ஒவ்வொரு முறையும் தோளை அதிகமாகத் தள்ளினால், பெல்ட்டுக்கு சற்று மேலே சுவர் மெலிந்து கேஸ் இரண்டாகப் பிய்யும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் அந்தப் பள்ளம் விரலில் தட்டுப்படும். வேட்டைக்குப் புதுக் கேஸ், மிஞ்சினால் ஒருமுறை சுட்டது.

வெயில் தனிப் பிரச்சினை. 20 டிகிரியில் உச்ச அளவுக்குக் கட்டி, 40 டிகிரியில் சுட்டால் போல்ட் (சேம்பரை மூடும் பூட்டு) தூக்க வராமல் அடம்பிடிக்கும். கார்டைட் என்ற பழைய வெடிமருந்தின் காலத்திலேயே இது தெரிந்த விஷயம். 1911-இல் வந்த .416 ரிக்பியின் கேஸ் அவ்வளவு பெரிதாக இருப்பதும், அழுத்தம் ஏறத்தாழ 47,000 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அடங்குவதும் அந்த எச்சரிக்கையால்தான். ஹாட்ஜனின் எக்ஸ்ட்ரீம் வரிசை மருந்துகள் சூட்டை நன்றாகவே தாங்குகின்றன. இருந்தாலும் உச்சத்திலிருந்து கொஞ்சம் கீழே நிற்பதால் எருமைக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை.

டபுள் ரைபிளில் இரண்டு குழல்களையும் ஒரே இடத்தில் சுடும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காகப் பொருத்தியிருப்பார்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு அது 500 கிரெயின், 2,150 அடி. வேகம் குறைந்தால் குண்டு குழலில் அதிக நேரம் இருக்கும். அதற்குள் உதைப்பு குழலை வெளிப்பக்கம் திருப்பிவிடுவதால் வலது குழலின் குண்டு வலதுபுறமும் இடது குழலின் குண்டு இடதுபுறமும் விலகும். வேகம் கூடினால் இரண்டும் குறுக்கே பாயும். ஆகவே இங்கே மேனுவலின் உச்ச வேகத்தைத் துரத்துவதில் பொருளில்லை. ஐம்பது கெஜத்தில் வலது, இடது என்று ஜோடியாகச் சுட்டு, ஜோடிகளுக்கு இடையே குழலை ஆறவிட்டு, இரண்டும் சேரும் வேகத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்த வேண்டும். ஃபேக்டரி தோட்டா அந்த வேகத்தில் வந்து அமைந்தால் அதிர்ஷ்டம்தான். மேகசினில் குண்டு உள்ளே இறங்குகிறது என்றால் டபுளில் நேர் எதிர்: சுடாத குழலில் உள்ள தோட்டாவிலிருந்து குண்டு முன்னே நழுவும். அதற்கும் தீர்வு அதே கழுத்துப் பிடிதான்.

குண்டு மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். செம்பு, பித்தளைக் குண்டுகள் அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமானவை; கேஸுக்குள் அதிக இடம் பிடிக்கும். .458 வின்செஸ்டரில் 500 கிரெயினுக்குப் பதில் 450 கிரெயின் போடுவது இதனால்தான்.

எந்தத் தோட்டாவானாலும், வேட்டைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் சேம்பரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ரேஞ்சில், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, போல்ட்டிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மெதுவாக ஒருமுறை, வேட்டையில் இழுக்கும் வேகத்தில் ஒருமுறை. ஃபேக்டரிப் பெட்டியிலும் முனை நசுங்கியதும் ப்ரைமர் துருத்தியதும் எப்போதாவது தலைகாட்டும். சில துப்பாக்கிகள் தட்டை முனை சாலிடை (விரியாத குண்டு) ஏற்கவே ஏற்காது. அது தோட்டாவின் குற்றம் இல்லை, வேறு முனை வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

விமானத்தில் பயணிக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. 500 கிரெயின் குண்டே 32 கிராமைத் தாண்டும் என்பதால், கேஸும் மருந்தும் சேர்ந்தால் .470-இல் எண்பது தோட்டா அளவில் கணக்கு முடிந்துவிடும். தொழிற்சாலைப் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று சில விமான நிறுவனங்கள் கேட்பதால் ஹேண்ட்லோடு கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேஸ் அடியில் உள்ள முத்திரையையும் பாருங்கள். .375 எச் அண்ட் எச் கேஸை விரித்துச் செய்த .458 லாட் தோட்டாவில் பழைய பெயரே இருக்கும். அனுமதிச் சீட்டில் உள்ள காலிபரோடு அது ஒத்துப்போகாவிட்டால் சுங்கத்தில் விளக்கம் சொல்லி மாளாது. லாட் முத்திரையுள்ள கேஸ் தனியாகவே விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.