2026 உலகக் கோப்பை: 402.8-க்கும் 274.9-க்கும் நடுவில்

2018 ஜூன் 13, மாஸ்கோ. 2026 கால்பந்து உலகக் கோப்பையை யார் நடத்துவது என்று வாக்கெடுப்பு. அமெரிக்கா–கனடா–மெக்சிகோ கூட்டணிக்கு 134 வாக்குகள், மொராக்கோவுக்கு 65. இரண்டுமே வேண்டாம் என்றது ஈரான் மட்டும். வாக்கெடுப்புக்கு முன்பே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆய்வுக்குழு 500-க்கு மதிப்பெண் போட்டிருந்தது: கூட்டணிக்கு 402.8, மொராக்கோவுக்கு 274.9.

அந்த 500 எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால்தான் ஒப்பீடு புரியும். மைதானத்துக்கு மட்டும் 35 சதவீதம். போக்குவரத்து 13, தொலைத்தொடர்பும் ஒளிபரப்பு மையமும் 7, தங்குமிடம் 6, அணிகளின் பயிற்சி வசதி 6, ரசிகர் திடல் 3. மீதி 30 முழுக்கப் பணம்: செலவு, டிக்கெட், ஒளிபரப்பு–விளம்பரம் ஆகியவற்றுக்குத் தலா 10. மனித உரிமைக்கு மதிப்பெண்ணே கிடையாது, ‘ஆபத்து அளவு’ என்று ஒரு குறிப்பு மட்டும். அதில் இரு தரப்புக்கும் ‘நடுத்தரம்’.

மைதானத்தில் மொராக்கோ சறுக்கியதில் வியப்பில்லை. காட்டிய 14-இல் ஒன்றுகூட அப்படியே ஆடும் நிலையில் இல்லை; 9 புதிதாகக் கட்ட வேண்டும், 5 புதுப்பிக்க வேண்டும். கிடைத்தது 5-க்கு 2.3. போக்குவரத்தில் 2.1. இவற்றில் 2 மதிப்பெண்ணுக்குக் கீழே போயிருந்தால் விண்ணப்பம் வாக்கெடுப்புக்கே வந்திருக்காது. கூட்டணி காட்டிய 23 மைதானங்களும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவை. வருவாய்க் கணிப்பும் கிட்டத்தட்ட இரட்டிப்பு: 1,430 கோடி டாலர், எதிரில் 720 கோடி.

ஆனால் நிற்கிற மைதானம் எல்லாம் கால்பந்து மைதானம் ஆகிவிடாது. அமெரிக்க மைதானங்கள் பெரும்பாலும் அமெரிக்க ஃபுட்பால் என்ற வேறு விளையாட்டுக்காகக் கட்டியவை. அதன் களத்தின் அகலம் 48.8 மீட்டர், உலகக் கோப்பைக்கு வேண்டியது 68. இருக்கைகள் கோட்டை ஒட்டி நிற்பதால் இடிபடுவது கார்னர் பகுதிதான். இறுதிப் போட்டிக்கான நியூ ஜெர்சி மைதானத்தில் இதற்காகவே 1,740 இருக்கைகளைப் பெயர்க்க வேண்டியிருந்தது. தேர்வான 16 மைதானங்களில் 8-இல் செயற்கைப் புல். அதன் இடத்தில் இயற்கைப் புல் போட வேண்டும். வேறிடத்தில் வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லைக் கடைசி நேரத்தில் விரித்தால் வேர் பிடிக்க நாள் இருக்காது, துண்டுகளின் இணைப்பு பிரியும், பந்து எம்பும் உயரம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்கக் கண்ட நாடுகள் ஆடிய 2024 கோபா அமெரிக்கா தொடரின் முதல் ஆட்டம் அட்லாண்டாவில் அப்படி அவசரமாக விரித்த தரையில்தான் நடந்தது. கனடாவை 2-0 என்று வென்ற அர்ஜென்டினாவே தரையைப் பற்றிக் குறை சொன்னது. கூரை மூடிய அரங்கென்றால் வெயிலுக்குப் பதில் விளக்கொளி காட்டிப் புல்லை உயிரோடு வைத்திருக்கும் வேலையும் சேரும்.

மின்னல் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் மைதானத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டருக்குள் மின்னினால் ஆட்டத்தை நிறுத்தி 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மறுபடி மின்னினால் மறுபடி முதலிலிருந்து 30. 2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி–பென்ஃபிகா ஆட்டம் சார்லட்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றுபோனது இப்படித்தான்.

தூரத்தில் மொராக்கோவின் கை ஓங்கியிருந்தது. எல்லா நகரங்களும் காசாபிளாங்காவிலிருந்து 550 கிலோமீட்டருக்குள். வான்கூவரிலிருந்து மயாமிக்கோ நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு மொராக்கோவின் நேரமும் வசதி. மதிப்பெண் அட்டவணையில் இவை பெரிதாக எடுபடவில்லை.

ரசிகர் உள்ளே வர முடியுமா என்ற கேள்விக்கும் அட்டவணையில் தனி மதிப்பெண் இல்லை. 2025 ஜூனில் 12 நாட்டினருக்கு அமெரிக்கா நுழைவுத் தடை போட்டது. பட்டியலில் ஈரானும் ஹைட்டியும் உண்டு. இரண்டு அணிகளும் 2026-க்குத் தகுதி பெற்றன. வீரருக்கும் பயிற்சியாளருக்கும் விலக்கு கிடைத்தது, ரசிகருக்கு இல்லை. மொராக்கோவும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு 489 அங்கே இன்றும் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் 2018-இல் விழுந்த வாக்கு தப்பில்லை. 2017 ஜனவரியில் 48 அணிகள் என்று முடிவானபோதே மொராக்கோவின் வாய்ப்பு பாதி போய்விட்டது. 80 ஆட்டம் என்றிருந்த கணக்கு 2023-இல் 104 ஆனது. தனியாக நடத்த முன்வந்திருந்த மொராக்கோ, பாதி கட்டிய மைதானங்களோடு நடுவழியில் மேலும் 24 ஆட்டங்களைச் சமாளித்திருக்க வேண்டும். பழைய 32 அணி, 64 ஆட்டம் என்றால் கணக்கு வேறு; அப்போது மொராக்கோவுக்கே சாய்ந்திருக்கலாம். தூரம் குறைவு, செலவு மிச்சம், ஐரோப்பிய ரசிகர்களுக்கும் பக்கம்.

ஐந்து முறை தோற்ற அதே மொராக்கோ ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து 2030-ஐப் பெற்றுவிட்டது. 2034-க்கோ ஒப்பிடவே ஆள் இல்லை. 2023 அக்டோபர் 4-இல் ஃபிஃபா அறிவித்து 31-ஆம் தேதிக்குள் விருப்பம் தெரிவிக்கச் சொன்னது. நான்கு வாரங்கூட இல்லை. களத்தில் மிஞ்சியது சவூதி அரேபியா மட்டும். அது காட்டிய 15 மைதானங்களில் பெரும்பாலானவை இனிமேல்தான் எழும்ப வேண்டும், ஆனாலும் கிடைத்த மதிப்பெண் 419.8.